நாளை வீட்டுச் சந்திப்பு ஒத்திகை, பயன் உண்டா?

கேள்வி (கொட்டாஞ்சேனை மாணவி):
சமூகப்பணி டிப்ளோமா படிக்கிறேன். நாளைய ஒத்திகையில் நான் வீட்டுக்குப் போகும் சமூகப்பணியாளர்; கணவனிடம் அடிவாங்கும் மனைவியாக நடிக்கப்போவது என் தோழி. சிரித்துவிடுவேனோ என்று பயம். இதில் பயன் உண்டா?

வெள்ளவத்தை அக்கா:
உண்டு தங்கச்சி. என் முதல் ஒத்திகையில் ஐந்து நிமிடத்தில் ஏழு கேள்வி கேட்டேன். மனைவியாக நடித்தவள் அழுததையே கவனிக்கவில்லை. வீடியோவில் பார்த்துத்தான் வெட்கப்பட்டேன். மாமியார் பிளேன்டீயோடு வந்து பக்கத்தில் உட்காருவதையும் ஒத்திகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் பேச இடம் கேட்பதுதான் உண்மையான கஷ்டம்.

பழைய மாணவன்:
தோழியை விட அறிமுகமில்லாதவர் நல்லது. 1975இல் மருத்துவக் கல்வியாளர் ஹார்டனின் குழு மருத்துவ மாணவர்களுக்கு அறிமுகப்படுத்திய ஒஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வு பின்னர் சமூகப்பணிக்கும் வந்தது. அதில் பயிற்சி பெற்ற நடிகர்கள் வருவார்கள்.

மாணவி:
சரி, மாமியாரைச் சேர்க்கிறேன். 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கத்தைத் தாளில் எழுதிக் கொடுக்கலாமா அக்கா?

வெள்ளவத்தை அக்கா:
ஐயோ, வேண்டாம். கணவன் கண்டால் வம்பு. வாயால் சொல்லுங்கள்.