லீட் சண்டை, ரேங்க் லிஸ்ட், ஈகோ: டீம் லீடர் கையில் என்ன இருக்கிறது?

கல்லுக்கட்டி:
காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பேங்க் கிளைகள் வழியாக ஆயுள் காப்பீடு விற்கும் ஆறு பேர் டீம். தினமும் ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் ரேங்க் லிஸ்ட் வருகிறது. முதலிடத்தில் இருப்பவர், அடுத்தவர் பேசி வைத்த கஸ்டமரிடம், அதாவது அவருடைய லீட்டிடம், போய் முடித்துவிடுகிறார். கேட்டால் "முடிச்சவனுக்குத்தான் கணக்கு" என்கிறார். நம்பர் வருவதால் மேலிடம் கண்டுகொள்வதில்லை. பேங்க் ஊழியர்களோடும் முகம் கொடுத்துப் பேசாத நிலை. மேலே புகார் எழுதுவதைத் தவிர, டீம் லீடர் தன் அளவில் எதை மாற்றலாம்?

செஞ்சை:
அண்ணே, ஆளோட குணத்தைத் திருத்த இறங்காதீங்க. அந்த லிஸ்ட் எதை எண்ணுதுன்னு பாருங்க: லாகின். செக் வாங்கி ப்ரபோசல் (விண்ணப்பம்) ஏத்தினா அன்னைக்கே ரேங்க். அப்புறம் மெடிக்கல் செக்கப்புல கேஸ் நின்னுபோனாலும், ஃப்ரீ லுக்ல, அதாவது பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள்ள, கஸ்டமர் திருப்பிக் கொடுத்தாலும், வாங்கின கைதட்டல் குறையாது. பாலிசி நிலைக்குதாங்கிறது ரெண்டாவது வருசப் பிரீமியம் கட்டுற 13-ஆவது மாசம்தான் தெரியும். அதுக்குள்ள ஆளே வேற கம்பெனிக்குப் போயிருப்பார்.

பர்மா, மலாயா வட்டிக்கடைகளுக்கு இந்த ஊர் ஏஜென்டுகள் போன காலத்துல ஒரு ஆள் அங்க இருக்கிற தவணை மூணு வருசம். கடையை அடுத்த ஆள்கிட்ட ஒப்படைக்கிறப்ப கொடுத்தது வசூலாச்சான்னும் பார்த்தாங்க.

டீம் லிஸ்ட் உங்க கையில இருக்கு. இஷ்யூ ஆன (பாலிசியா வந்த) பிரீமியம், ஃப்ரீ லுக்ல போனது, 13-ஆவது மாச பெர்சிஸ்டன்சி (எத்தனை சதவீதம் நிக்குதுங்கிறது), இந்த மூணையும் போடுங்க. ஒருத்தர் 10 லட்சம் கொண்டு வந்து 60 சதவீதம் நின்னா 6 லட்சம். இன்னொருத்தர் 7 லட்சம் கொண்டு வந்து 90 சதவீதம் நின்னா 6.30 லட்சம். பழைய லிஸ்ட்ல பின்னால இருந்தவர் இங்க முன்னால வந்துருவார். வாரம் ஒரு தடவை போட்டா போதும். தினசரி லிஸ்ட் மாச முதல் வாரத்துலயே கடைசி ரெண்டு பேரை முடக்கிப் போட்டுரும். அவங்களும் புது லீட் தேடாம அடுத்தவர் லீட்டைத்தான் பார்ப்பாங்க.

பள்ளத்தூர்:
யார் முதலில் பேசியது என்பதற்கு எழுத்து இல்லாததால்தான் பாதித் தகராறு. ஒரு பொது ஷீட் போதும்: கஸ்டமர் பெயர், கிளை, யார் அறிமுகம், முதல் சந்திப்புத் தேதி, அடுத்த தேதி. பதிந்தவருக்கு 21 நாள் உரிமை கொடுங்கள். அதற்குள் இரண்டாவது சந்திப்பு ஏறவில்லை என்றால் லீட் பொதுவுக்கு வரட்டும். இந்தக் கெடு முக்கியம்; இல்லாவிட்டால் கானாடுகாத்தான் வரைக்கும் உள்ள பெரிய வீடுகளை எல்லாம் ஒருவரே முதல் நாளில் தன் பெயரில் எழுதிக்கொள்வார். இரண்டு பேர் சேர்ந்து முடித்தால் பங்கு எவ்வளவு என்பதை ப்ரபோசல் ஏற்றும் முன்பே எழுதிவிடுங்கள். இன்சென்டிவ் வந்த பிறகு பேசினால் தீராது.

பேங்க் ஊழியர்களின் கோபம் வேறு வகை, அதில் நியாயமும் இருக்கிறது. பேங்க் வழி விற்பனையில் கஸ்டமரிடம் பேசி விற்க வேண்டியவர் சான்று பெற்ற பேங்க் ஊழியர், அதாவது எஸ்பி (ஸ்பெசிஃபைடு பெர்சன்). கம்பெனி ஆர்எம் (ரிலேஷன்ஷிப் மேனேஜர்), அதாவது உங்கள் டீம் ஆள், துணைக்கு நிற்பவர். ரிவ்யூ காலில் எஸ்பி பெயரே வருவதில்லை, ஆனால் கஸ்டமர் சண்டைக்கு வரும்போது கவுண்டரில் மாட்டுவது அவர்தான். ஒவ்வொரு கேஸையும் எஸ்பி பெயரோடு குரூப்பில் போடச் சொல்லுங்கள். லீவில் இருப்பவரின் எஸ்பி கோடு நம்பரை இரவல் வாங்கி ஏற்றுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். பேசாத விற்பனைக்கு அவர் பதில் சொல்ல நேரும்.

தேவகோட்டை ரஸ்தா:
முதலிடத்தைப் பிடிக்க மாசக் கடைசி மூணு நாள்ல நடக்கிற ரெண்டு வேலையைக் கவனிங்க தம்பி. ஒண்ணு, கமிஷன்ல ஒரு பங்கைக் கஸ்டமருக்கே திருப்பிக் கொடுக்கிறது. 1938 இன்சூரன்ஸ் சட்டம் 41-ஆவது பிரிவு இதைத் தடை செய்யுது, அபராதம் 10 லட்சம் ரூபாய் வரைக்கும்.

அடுத்தது இன்னும் மோசம். எஃப்டி முதிர்ந்து வர்ற ஆச்சிகிட்ட, பத்து வருசம் கட்ட வேண்டிய பாலிசியை "ஒரே தடவை கட்டினா போதும்"னு சொல்லிக் கையெழுத்து வாங்குறது. பிள்ளைங்க சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க. தை மாசக் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து பீரோவுல இருக்கிற பாலிசி பாண்டைப் பிரிக்கிறப்பதான் தெரியும்; ஃப்ரீ லுக் 30 நாள் எப்பவோ முடிஞ்சிருக்கும். புகார், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தோட புகார் தளமான பீமா பரோசா, ஆம்புட்ஸ்மேன்னு போகும். அந்த வீட்டு டெபாசிட்டும், பங்காளி வீட்டு டெபாசிட்டும் கிளையை விட்டுப் போகும். ஒரே ஆளோட ரேங்குக்கு ஆறு பேரும் அந்தத் தெருவுல முகம் காட்ட முடியாது.

60 வயசு தாண்டினவங்க கேஸ்ல, "வருடம் 1 லட்சம், 10 வருடம், மொத்தம் 10 லட்சம்"னு அவங்க கையாலயே தமிழ்ல எழுதி வாங்குங்க. அவங்க சம்மதிச்சா பிள்ளைக்கும் அன்னைக்கே போன் போட்டுச் சொல்லுங்க. கம்பெனியிலிருந்து வெரிஃபிகேஷன் கால் வர்றப்ப பக்கத்துல நின்னு "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்க ஆச்சி"ன்னு யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

கல்லுக்கட்டி:
ஷீட்டும் வார லிஸ்ட்டும் உடனே செய்யக்கூடியவை, நன்றி. மார்ச்சில் லீவு விஷயத்தில்தான் சண்டை முற்றும். அதற்கு?

செஞ்சை:
மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழா இயர் எண்டை ஒட்டித்தான் வரும். பால்குடம் எடுக்கிறவங்க யாருன்னு ஜனவரியிலயே கேட்டு லீவை எழுதிருங்க. அந்த நாள்ல அவங்க லீட்டை வேற ஒருத்தர் போய் முடிச்சாலும் கணக்கு முழுக்க லீட்காரருக்கே. யாரையாவது கண்டிக்கணும்னா தனியா கூப்பிட்டுப் பேசுங்க, குரூப்ல போடாதீங்க.