ஒளிச்செப்பம்: ஒரு சொல் முன்மொழிவு

ஐயா, வணக்கம். குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

புற ஊதாக் கதிரால் வந்த பழுதை உயிர்கள் வெளிச்சத்தின் உதவியால் சரிசெய்துகொள்வதை ஆங்கிலத்தில் photoreactivation என்கிறார்கள். அதற்குத் தாங்கள் முன்வைத்த 'ஒளிமீள்செயலாக்கம்' மூலச் சொல்லோடு சரியாகப் பொருந்துகிறது. ஆனாலும் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 1949இல் ஆல்பர்ட் கெல்னர் இந்த நிகழ்வைக் கண்டபோது, புற ஊதாக் கதிரால் முடங்கிய நுண்ணுயிர்கள் சாதாரண வெளிச்சத்தில் மறுபடி வளர்ந்தன என்பதே கண்ணுக்குத் தெரிந்தது. பெயரும் அதை ஒட்டியே அமைந்தது. உள்ளே நடப்பது இன்று நமக்குத் தெரியும். புற ஊதா-பி கதிர் (280 முதல் 315 நானோமீட்டர் வரை) பட்டால் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து நிற்கும் தைமின்கள் (டி.என்.ஏ.வின் நான்கு அடிப்படை எழுத்துகளில் ஒன்று) ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. ஒரு நொதி அந்த இடத்தில் போய் அமர்ந்து, நீல ஒளியையோ புற ஊதா-ஏ கதிரையோ வாங்கி, அந்த ஆற்றலால் பிணைப்பை அறுக்கிறது. நடப்பது பழுதுபார்ப்பு. பெயரும் அதையே சொல்லட்டும்: ஒளிச்செப்பம்.

கடலின் விலங்கு மிதவை உயிரிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தச் சொல் இல்லாமல் நகர முடியவில்லை. சோதனைச் சாலையில் புற ஊதா-பி விளக்கை மட்டும் எரியவிட்டுக் கோபிபாடு என்னும் மிகச் சிறிய மிதவை உயிரியின் முட்டைகளை வைத்தால், பழுது சேர்ந்துகொண்டே போகும். அதைச் சரிசெய்யும் வெளிச்சம் கிடைக்காது. அங்கே எண்ணப்படும் சாவு கடலில் நடப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். வெயிலிலோ இரண்டும் சேர்ந்தே வருகின்றன. தெளிந்த கடலில் ஆழம் போகப் போகப் புற ஊதா-பி முதலில் தேய்கிறது, நீல ஒளி இன்னும் கீழே இறங்குகிறது. ஆகவே சில மீட்டர் கீழே போன உயிருக்குப் பழுது குறைகிறது, செப்பம் தொடர்கிறது. மேற்பரப்பில் மிதக்கும் முட்டையால் அப்படி இறங்க முடியாது. குளிர்ந்த நீரில் நொதியின் வேகமும் தணிந்துவிடும். இவ்வளவும் சொல்லாமல் 'புற ஊதாக் கதிர் மிதவை உயிரிகளைக் கொல்கிறது' என்று ஒரு வரியில் முடிக்கும் கட்டுரை பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

எங்கள் மொரிசியஸ் நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை தெற்கில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு நேராக நிற்கும். பவளப்பாறைக்கு உட்புறம் இருக்கும் லகூன் நீர் தெளிவானது, ஆழம் குறைந்தது. அதில் மிதக்கும் நண்டு, கடல் முள்ளெலி ஆகியவற்றின் இளவுயிரிகளுக்குக் கீழே ஒதுங்க இடம் அதிகமில்லை. இதைத்தான் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமாக எழுதுகிறேன். வீட்டில் கிரியோல் பேசிவிட்டு, பள்ளியில் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை 'ஒளிமீள்செயலாக்கம்' என்பதைப் பாதியிலேயே விட்டுவிடும். ஒளிச்சேர்க்கை அதற்கு முன்பே தெரிந்த சொல். ஒளிச்செப்பம் அதன் பக்கத்தில் இயல்பாக உட்காரும்.

குறளில் செப்பம் என்பது நடுவுநிலைமையைக் குறிக்கிறதே, குழப்பம் வராதா என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து அம்மா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் சாலையையும் கூரையையும் நாம் செப்பனிடுகிறோம் அல்லவா? அந்த வழக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது, அம்மா.

இன்னொரு வசதியும் உண்டு. வெளிச்சத்தின் உதவி இல்லாமல், பழுதான துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பும் முறைக்கு 'இருட்செப்பம்' என்று இணைச்சொல் கிடைக்கிறது. அது பகலிலும் நடக்கும். வெளிச்சம் தேவைப்படாது என்பதே பொருள். மனிதரிடம் ஒளிச்செப்ப நொதி கிடையாது, இந்தப் பழுதுக்கு நமக்கு இருட்செப்பமே துணை. இரண்டு சொற்களும் கையில் இருந்தால் இதை ஒரே வாக்கியத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம்.

கோபிபாடுகள் பாசிகளை உண்டு உடலில் சேர்த்துக்கொள்ளும் கதிர்தடுப்புப் பொருள்களை இதற்குள் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. அவை பழுது வராமல் காப்பவை. அவற்றுக்குத் தனிச் சொல் தேவை, அதைத் தனி இழையில் பேசலாம்.

வினையாக வரும் இடங்களில் 'ஒளியால் செப்பனிடுகிறது' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், ஐயா. பாடம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

ரோஸ் ஹில், மொரிசியஸ்