மீதி ஆயில் கேனை யார் எடுத்தது?

குழு: நம்ம வீடு

சனி, காலை 7:40

நான்: எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு விஷயம். ஒண்ணு, புது வண்டிக்கு எந்தப் பெட்ரோல் போடறதுன்னு இன்னும் குழப்பமாவே இருக்கு. பங்க்ல 91, 95, 98னு மூணு இருக்கு. ரெண்டாவது, சர்வீஸ்ல மிஞ்சின ஆயிலைக் கேனோட படிக்கட்டுக்குக் கீழ வெச்சிருந்தேன். காணோம். யார் எடுத்தது?

பெரியப்பா: [பலமுறை பகிரப்பட்டது] உஷார்!! விலை கூடிய பெட்ரோல் வெறும் ஏமாற்று வேலை!! எந்த வண்டியாக இருந்தாலும் 91 போதும்!! விழித்துக்கொள்ளுங்கள்!! 10 பேருக்கு அனுப்புங்கள்!!

பெரியப்பா: என் வண்டிக்கும் 91 தான் போடுகிறேன். 6 வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை. மேடு ஏறும்போது மட்டும் கொஞ்சம் சோம்பல். அதற்கும் வயதாகிறது அல்லவா.

அத்தை: அண்ணா, நான் மாசம் ஒரு தடவை 98 போடறேன். இன்ஜின் சுத்தமாகும்னாங்க. அன்னைக்கு வண்டி துள்ளிட்டுப் போற மாதிரி இருக்கும்

சித்தப்பா: கூடக் காசு கொடுத்தவங்களுக்குத் துள்ளத்தான் செய்யும் 😄

அக்கா: காலையிலேயே ஆரம்பிச்சாச்சா. இருங்க, பஸ்ல ஏறிட்டு டைப் பண்றேன்.

அக்கா: ஆக்டேன் நம்பர் பெட்ரோலோட பலத்தைக் காட்டறது இல்ல. பொறுமையைக் காட்டறது. சிலிண்டருக்குள்ள கலவையை அழுத்தும்போது சூடேறும். ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியோ, ஒரு பக்கம் எரிஞ்சிட்டிருக்கும்போது மறுபக்கமோ தானா பத்திக்காம எவ்வளவு தாக்குப்பிடிக்குதுங்கறதுதான் அந்த நம்பர். ஐசோ-ஆக்டேன்ங்கற திரவத்துக்கு 100, ஹெப்டேன்ங்கற திரவத்துக்கு 0. 95ன்னா, அது ரெண்டையும் 95க்கு 5னு கலந்தா எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும். அளக்கறதுக்குன்னே ஒத்தை சிலிண்டர் இன்ஜின் ஒண்ணு இருக்கு. ஓடிட்டு இருக்கும்போதே அழுத்த விகிதத்தை ஏத்தி இறக்கலாம். 1920களோட கடைசியில வடிவமைச்சது. எங்க லேப்ல இன்னும் டொக்கு டொக்குன்னு ஓடுது. சித்தப்பா பார்த்தா வீட்டுக்கே வரமாட்டார்.

சித்தப்பா: ஒரு நாள் கூட்டிட்டுப் போம்மா

நான்: அப்ப எனக்கு 91 போதுமா போதாதா?

அக்கா: உன் வண்டியோட பெட்ரோல் மூடியைத் திற. உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும். போட்டோ போடு.

நான்: [படம்]

அக்கா: "குறைந்தபட்சம் 91." அப்ப 91 போடு, அவ்வளவுதான். உன் இன்ஜினை அந்தப் பொறுமைக்கு ஏத்த மாதிரி வடிவமைச்சிருக்காங்க. 98 ஊத்தினா அந்த மிச்சப் பொறுமைக்கு அங்க வேலையே இல்ல.

அக்கா: ஸ்டிக்கர்ல ரெண்டு விதமா எழுதுவாங்க, கவனிச்சுப் பாருங்க. "95 பரிந்துரை"ன்னா 91லயும் ஓடும், கொஞ்சம் பிக்கப் குறையும். "குறைந்தபட்சம் 95"ன்னா அதுக்குக் கீழ போகக் கூடாது.

அத்தை: அப்ப சுத்தம் பண்றது?

அக்கா: சுத்தம் பண்றது பெட்ரோல்ல கலக்கற டிடர்ஜென்ட் அத்தை. ஆக்டேனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சில கம்பெனி விலை கூடின பெட்ரோல்ல டிடர்ஜென்டை அதிகமாப் போடறாங்க, அதனால ரெண்டும் ஒண்ணுன்னு ஆயிடுச்சு. இப்போ நிறைய வண்டியில பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயே பீச்சறாங்க. அதுல இன்டேக் வால்வு பக்கமே பெட்ரோல் போகாது. வால்வுல கரி படிஞ்சா எந்தப் பெட்ரோலாலயும் கழுவ முடியாது.

பெரியப்பா: ஆக நான் அனுப்பிய தகவல் சரிதான்.

அக்கா: பாதி சரி பெரியப்பா. உங்க மூடியையும் ஒரு தடவை திறந்து பாருங்களேன்.

பெரியப்பா: 6 வருடமாகத் திறந்து மூடிக்கொண்டுதானே இருக்கிறேன்.

மாமா: என் தம்பி அமெரிக்காவுல 87 போடறானாமே, அங்க வண்டியெல்லாம் என்ன மட்டமா?

அக்கா: இல்ல மாமா, அங்க பங்க்ல எழுதறது வேற கணக்கு. ரெண்டு சோதனையோட சராசரி. அவங்க 87 நம்ம 91 பக்கம் வரும்.

காலை 9:15

நான்: ஆயில் கேன் பத்தி யாரும் வாயே திறக்கலையே

தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: என்னடா அழிச்ச?

தம்பி: தப்பா வேற குரூப்புக்குப் போகவேண்டியது அண்ணா

சித்தப்பா: கேன் கிடக்கட்டும். என்ன ஆயில்டா ஊத்தினாங்க உனக்கு?

நான்: 0டபிள்யூ-20. மேனுவல்ல அதான் இருக்கு.

சித்தப்பா: அது ஆயிலா, தண்ணி. நான் பட்டறையில 30 வருஷம் 20டபிள்யூ-50தான் ஊத்தினேன். ஒரு இன்ஜின் கத்தினதில்ல. சூட்டுல மெலிசு ஆயிலோட படலம் அறுந்துடும்பா. அடுத்த தடவை கெட்டியா ஊத்தச் சொல்லு.

பெரியப்பா: டபிள்யூ என்றால் வெயிட் தானே? பூஜ்யம் வெயிட் உள்ள ஆயிலை எவன் வாங்குவான்.

அக்கா: டபிள்யூ குளிர்காலத்துக்கு பெரியப்பா, வின்டர். முன்னாடி இருக்கற நம்பர் குளிர்ல எப்படி ஓடும்னு சொல்றது. 0டபிள்யூன்னா மைனஸ் 35 டிகிரியிலயும் இன்ஜினைச் சுத்த விடற அளவுக்கு இளக்கமா இருக்கணும். பின்னாடி இருக்கறது சூட்டுல எவ்வளவு கெட்டிங்கறது.

அக்கா: சித்தப்பா, உங்க வண்டிகளுக்கு நீங்க ஊத்தினது சரி. அந்த இன்ஜின்ல பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் இருந்த இடைவெளி, பம்ப், எல்லாமே கெட்டி ஆயிலை மனசுல வெச்சுச் செஞ்சது. இவனோட இன்ஜின்ல, வால்வைத் திறந்து மூடற கேம்ஷாஃப்டை முன்ன பின்ன திருப்பறதே ஆயில் அழுத்தம்தான். ஊசி கனத்துல வழிகள். 50 ஆயில் அதுல ஊர்ந்துதான் போகும். கம்ப்யூட்டர் கேம் சரியான இடத்துக்கு வரலைன்னு விளக்கைப் போட்டுடும்.

அக்கா: இன்னொண்ணு. காலையில முதல்ல ஸ்டார்ட் பண்றப்ப, இந்தத் "தண்ணி" ஆயிலே நல்லாச் சூடான உங்க 50ஐ விடக் கெட்டியாத்தான் இருக்கும். எந்த ஆயிலும் ஆறினப்ப கெட்டி. அந்த நேரத்துல சீக்கிரம் மேல ஏறணும்.

சித்தப்பா: ம்

சித்தப்பா: சரி, படலத்துக்குப் பதில் சொல்லலையே

அக்கா: சொல்றேன். 150 டிகிரியில, வேகமா அரைபடும்போது ஆயில் எவ்வளவு தாங்குதுன்னு தனியா ஒரு அளவு இருக்கு. 20 ஆயிலுக்கு குறைஞ்சது 2.6, 30க்கு 2.9. அதுக்குக் கீழ போனா அந்த நம்பரை டப்பாவுல போடக் கூடாது. ஆனா நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. மெலிசு ஆயிலுக்கு எல்லாரும் மாறினதுக்கு முக்கியக் காரணமே மைலேஜ்தான். அதே இன்ஜினுக்கு வேற நாட்டு மேனுவல்ல 5டபிள்யூ-30ம் போடலாம்னு எழுதியிருக்கறது உண்டு. இவனோட புத்தகத்துல ரெண்டும் இருந்து, பாரம் ஏத்திட்டு வெயில்ல நாள் முழுக்க விரட்டறவனா இருந்தா, நானே 30 போடச் சொல்வேன். புத்தகத்துல இல்லாத 50ஐ மட்டும் வேண்டாம்.

சித்தப்பா: அப்படிச் சொல்லு. ஒத்துக்கறேன். பாதி.

நான்: மெக்கானிக் டப்பாவுல "ஏபிஐ எஸ்பி" இருக்கான்னு பார்த்து வாங்கச் சொன்னாரே, அது என்ன? எஸ்என்னு பழசு கிடைக்குது.

அக்கா: ஏபிஐங்கறது அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு, எஸ்பி, எஸ்என் எல்லாம் அவங்க ஆயிலுக்குக் கொடுக்கற தரக் குறி. உன் வண்டி டர்போ, அதுவும் நேரடியா பீச்சற ரகம். உனக்கு அந்த ரெண்டு எழுத்து ரொம்ப முக்கியம். டாப் கியர்ல மெதுவாப் போயிட்டிருந்து திடீர்னு ஆக்சிலேட்டரை அமுக்கறே பார், அப்ப சிலிண்டர் ஓரத்துல தேங்கின ஆயில் துளி பறந்து வந்து, ஸ்பார்க்குக்கு முன்னாடியே கலவையைப் பத்த வெச்சுடும். பிஸ்டனே உடையும் அளவுக்கு அடி விழும்.

சித்தப்பா: என்னது, ஆயில் பெட்ரோலைப் பத்த வைக்குதா?

அக்கா: ஆமா சித்தப்பா. 98 பெட்ரோல் போட்டுத் தப்பிக்கற விஷயமில்ல இது. ஆயில்ல அழுக்கை அரிக்கச் சேர்க்கற கால்சியம் உப்புதான் இதைத் தூண்டுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதைக் குறைச்சு மக்னீசியம் சேர்த்தாங்க. 2020ல வந்த எஸ்பி தரத்துல இதுக்குன்னே சோதனை உண்டு. அதுல டைமிங் செயின் தேய்மானத்துக்கும் சோதனை இருக்கு. எஸ்பிக்கு அப்புறம் வந்ததும் போடலாம், பழசுக்குப் போகாதே. அப்புறம் நீ டாப் கியர்லயே தூங்கிட்டு அமுக்கற பழக்கத்தை விடு. ஒரு கியர் குறைச்சுட்டு அமுக்கு.

மாமா: டீசலுக்கு?

அக்கா: உங்க வண்டி சைலன்சர்ல கரி வடிகட்டி இருக்கு மாமா. ஆயில் எரிஞ்சு வர்ற சாம்பல் அதுல அடைச்சா எரிச்சு எடுக்க முடியாது. சாம்பல் குறைஞ்ச ரகம்தான் ஊத்தணும், மேனுவல்ல சி2, சி3ன்னு எது போட்டிருக்கோ அதே. அப்புறம் அந்த நீல மூடி, புகையைச் சுத்தம் பண்ற யூரியா கரைசலுக்கு. மாத்தி டீசல் டேங்க்ல ஊத்திட்டா சாவியையே தொடாதீங்க.

அத்தை: என் வண்டி ஆயிலே குடிக்காது 😊 போன வருஷம் மாத்தினது. ஆயில் அளவு பார்க்கற கம்பியை எடுத்துப் பார்த்தா அப்ப இருந்ததை விட மேலயே இருக்கு

அக்கா: அத்தை!!

அத்தை: என்னடி

அக்கா: ஆயில் தானா ஏறாது அத்தை. அதுல பெட்ரோல் கலந்திருக்கு. தினமும் எவ்வளவு தூரம் ஓட்டறீங்க?

அத்தை: ஸ்கூலுக்குப் போய்ட்டு வர்றதுதான். ரெண்டு கிலோமீட்டர்

அக்கா: அதான். இன்ஜின் சூடேறறதுக்குள்ள நிறுத்திடறீங்க. எரியாத பெட்ரோலும், எரிஞ்சதுல வர்ற தண்ணி ஆவியும் ஆயில்ல இறங்கிடுது. நல்லாச் சூடானாத்தான் அது ஆவியாப் போகும். கம்பியை மோந்து பாருங்க.

அத்தை: பங்க் வாசனைதான் வருது

அக்கா: இந்த வாரமே மாத்திடுங்க. கிலோமீட்டர் ஆகலையேன்னு பார்க்காதீங்க. கொஞ்ச தூரம் மட்டும் ஓடற வண்டிக்கு மேனுவல்ல கடினமான பயன்பாடுன்னு தனிக் கணக்கு இருக்கும், அதுல காலம் பாதி. கூடவே வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் நல்லா ஓட்டிட்டு வாங்க.

அத்தை: நான் மிச்சம் பிடிக்கிறேன்னு நினைச்சேன் 🙈

காலை 11:02

தம்பி: அக்கா, பொதுவா ஒரு சந்தேகம். பைக்ல க்ளட்ச் ஏன் வழுக்கும்?

அக்கா: வழுக்கறதுன்னா?

தம்பி: முறுக்கினா சத்தம் ஏறுது, வண்டி போகமாட்டேங்குது. கேபிளை டைட் பண்ணினா சரியாகுமா? ஒரு ஃப்ரெண்டுக்கு.

அம்மா: நேத்து சாயங்காலம் பின்பக்கம் உக்காந்து பைக்ல என்னவோ ஊத்திட்டு இருந்தியேடா

நான்: 😡

தம்பி: அண்ணா, அது புது ஆயில். ஃபுல் சிந்தடிக். நல்லதுதானேன்னு ஊத்தினேன்

சித்தப்பா: அடப்பாவி

அக்கா: டேய், கார்ல க்ளட்ச் வெளியில உலர்ந்து இருக்கும். உன் பைக்ல க்ளட்ச் ஆயில்லயே முங்கிக் கிடக்கு. கியர் பெட்டிக்கும் அதே ஆயில்தான். 20 மாதிரி மெலிசு கார் ஆயில்ல உராய்வைக் குறைக்கற சரக்கு சேர்த்திருப்பாங்க. இன்ஜினுக்கு அது நல்லது. க்ளட்ச் பிடிக்கிறதே உராய்வால, அங்க போய் அதைக் குறைச்சா வழுக்காம என்ன பண்ணும்?

தம்பி: டப்பாவுல எப்படித் தெரியும்?

அக்கா: பின்பக்கம் "ஜாசோ எம்ஏ" இல்லேன்னா "எம்ஏ2"ன்னு இருக்கணும். ஈரமான க்ளட்சுக்கு ஏத்தது. "எம்பி"ன்னு இருந்தா கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. எதுவுமே இல்லேன்னா பைக்குக்கு இல்ல. இப்ப ஓட்டாதே. சூடு பண்ணி எல்லாத்தையும் வடி, மேனுவல்ல இருக்கற 10டபிள்யூ-30யை எம்ஏல வாங்கி ஊத்து. வடிச்சதைச் சாக்கடையில ஊத்தாம சித்தப்பா பட்டறைக்குக் கொண்டு போ.

சித்தப்பா: முறுக்கி முறுக்கி எவ்வளவு தூரம் ஓட்டின?

தம்பி: காலேஜுக்குப் போய்ட்டு வந்தேன் சித்தப்பா. ஃப்ரெண்டைப் பின்னாடி உக்கார வெச்சு

சித்தப்பா: ப்ளேட் கருகலேன்னா உன் அதிர்ஷ்டம். சாயங்காலம் எடுத்துட்டு வா. தள்ளிக்கிட்டு.

மாலை 6:30

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: பெட்ரோல் மூடியின் உள்பக்கம். கண்ணாடி போட்டுக்கொண்டு இப்போதுதான் படித்தேன்.

நான்: "குறைந்தபட்சம் 95"னு இருக்கே பெரியப்பா!

அத்தை: அண்ணா 😂

பெரியப்பா: இன்ஜின் போய்விட்டதா? நேர்மையாகச் சொல் அம்மா.

அக்கா: போகல பெரியப்பா, பயப்படாதீங்க. உள்ள ஒரு நாக் சென்சார் இருக்கு. கலவை தானாப் பத்திக்கிட்டு அடிக்கிற சத்தத்தைக் கேட்டதும் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திடும். 6 வருஷமா அதுதான் உங்களுக்காக உழைச்சிருக்கு. அதுக்கு விலையாத்தான் மேட்டுல இழுவை குறைஞ்சுது. வண்டிக்கு ஒண்ணும் வயசாகல.

பெரியப்பா: டேங்கில் பாதி இருக்கிறது. வடித்துவிடவா?

அக்கா: வேண்டாம். மேல 98 ஊத்தி நிரப்புங்க. 91ம் 98ம் பாதிப் பாதின்னா 94.5 பக்கம் வந்துடும். அது தீரற வரைக்கும் மேட்டுல விரட்டாதீங்க, அடுத்ததுல இருந்து 95.

பெரியப்பா: சரி. அந்தத் தகவலை இன்னும் 4 குழுவில் போட்டிருந்தேன். நீக்க முடியவில்லை. "நேரம் கடந்துவிட்டது" என்கிறது.

மாலை 7:50

சித்தப்பா: இவன் பைக் ஆயிலை மாத்தியாச்சு. மூணாவது கியர்ல இன்னும் லேசா வழுக்குது. நாளைக்குக் க்ளட்சைப் பிரிச்சுப் பார்க்கணும்.

நான்: சரி, என் கேன்?

தம்பி: பத்திரமா இருக்கு அண்ணா. வடிச்ச ஆயிலை அதுலதான் பிடிச்சு வெச்சிருக்கேன்.