வயிற்றுப்போக்கு நின்று மூன்று வாரம் கழித்து முட்டி வீங்குமா?

கேள்வி:
போன மாதம் நாலு நாள் காய்ச்சலோடு கடுமையான வயிற்றுப்போக்கு, தானாகவே நின்றுவிட்டது. மூன்று வாரம் கழித்து இப்போது வலது முட்டி பந்து மாதிரி வீங்கிக் கிடக்கிறது, காலையில் இடது குதிகாலைத் தரையில் ஊன்றவே முடியவில்லை. அந்த வயிற்றுக் கிருமிதான் காரணம் என்கிறார் டாக்டர். ஆனால் முட்டியில் ஊசி போட்டு எடுத்த நீரில் கிருமி எதுவும் வளரவில்லையாம். அப்புறம் எப்படி அதன்மேல் பழி போடுவது? வயது 31.

பதில் 1:
வளராததுதான் இதன் அடையாளமே. ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள், எனக்கும் வந்தது. சால்மொனெல்லா, ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர், எர்சினியா மாதிரி கிருமிகளை விரட்டக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி, வேலை முடிந்த பிறகும் அடங்காமல் மூட்டில் வந்து நிற்கிறது. பெரும்பாலும் 1 முதல் 4 வாரத்துக்குள் தெரியும், பெரும்பாலும் காலில்தான். எனக்கு இரண்டாவது கால்விரல் முழுசாக உப்பி, செருப்பே நுழையவில்லை! எச்எல்ஏ பி27 டெஸ்ட் (இந்த வாதம் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஒரு மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது) எடுக்கச் சொன்னால் பயப்படாதீர்கள், அந்த மரபணு இருக்கிற பலருக்கு வாழ்நாளில் எதுவுமே வருவதில்லை, இல்லாதவர்களுக்கும் இந்த வாதம் வருகிறது.

கேட்டவர்:
சரி, வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில் 2:
தயவுசெய்து வேண்டாம். வயிற்றுக் கிருமியால் வந்ததென்றால், மூட்டு வீங்கிய பிறகு ஆன்டிபயாடிக்கால் பெரிதாகப் பலன் இல்லை. வீக்கம் குறைக்கும் மாத்திரை, தேவைப்பட்டால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, இப்படித்தான் போகும். உடலுறவில் தொற்றும் கிளமிடியா என்ற கிருமியால் வந்திருந்தால் மட்டும் கதை வேறு, அதற்குத் துணைவருக்கும் சேர்த்து மருந்து உண்டு, அதனால் சிறுநீர் எரிச்சல் இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நிறைய பேருக்கு ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடும், சிலருக்குத்தான் இழுக்கும்.

பதில் 3:
நீர் எடுத்துப் பார்த்தது ரொம்ப நல்லது. மூட்டுக்குள்ளேயே கிருமி புகுந்து சீழ் பிடித்தாலும் வெளியே இப்படித்தான் தெரியும், அதைச் சில நாள் விட்டாலே குருத்தெலும்பு போய்விடும். இனிமேல் குளிர்காய்ச்சல் வந்து முட்டி நெருப்பாகச் சுட்டால் அன்றைக்கே ஓடுங்கள். கண் எப்படி இருக்கிறது? சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசுகிறதா? இந்த நோயில் சிலருக்குக் கண்ணும் சேர்ந்து அழற்சியாகும்.

கேட்டவர்:
முந்தாநாளிலிருந்து இடது கண் சிவப்பு, போன் வெளிச்சமே கூசுகிறது. தூசி விழுந்ததென்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். இதோ கிளம்புகிறேன்.