ராணுவச் சட்டக் காலப் போலந்து: அச்சகமே இல்லாமல் எப்படி அச்சடித்தார்கள்?

கேள்வி (இளவழகன்):
1981 டிசம்பர் 13-ல் ராணுவச் சட்டம் வந்ததும் தொலைபேசி துண்டிப்பு, அரசைச் சாராத தொழிற்சங்கமான சாலிடாரிட்டி முடக்கம். அச்சகங்கள் அரசின் பிடியில். அப்படியும் மாணவர்களும் தொழிலாளர்களும் துண்டறிக்கைகளை ஆயிரக்கணக்கில் இறக்கியிருக்கிறார்கள். மெஷின் இல்லாமல் இது எப்படி முடிந்தது? மைக்கு என்ன செய்தார்கள்?

பதில் (மைக்கூடு):
நம்மூர்க் கல்யாணப் பத்திரிகைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் போடும் அதே முறைதான். மரச்சட்டத்தில் மெல்லிய துணியை முறுக்காக இழுத்துக் கட்டணும். டைப்ரைட்டர் ரிப்பனைக் கழற்றிவிட்டு, மெழுகு பூசிய தாளில் தட்டச்சு செய்து, எழுத்து வெட்டிய அந்த ஸ்டென்சிலைத் துணிக்கு அடியில் ஒட்டணும். மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. சட்டத்தைத் தூக்கித் தாளை உருவி, அடுத்தது.

மைக்கு 'கோம்ஃபோர்ட்' என்ற சலவைப் பசையில் கறுப்புச் சாயப்பொடியைக் குழைத்தார்கள். கை, சட்டம் எல்லாவற்றையும் தண்ணீரிலேயே கழுவிவிடலாம், தடயம் மிஞ்சாது. பதம்தான் முக்கியம்: நீர்த்துப் போனால் ஸ்டென்சிலுக்கு அடியில் கசிந்து எழுத்து ஊதிவிடும், கெட்டியானால் வரி நடுவே வெள்ளை விழும். டைப்ரைட்டர் விசையை ஓங்கி அடித்தால் 'o' போன்ற வட்டமான எழுத்துகளின் நடுப்பகுதி அறுந்து கறுப்புப் புள்ளியாகிவிடும்.

மையைவிடத் தாள்தான் பெரிய பாடு. ஒரே இடத்தில் மொத்தமாக வாங்கினால் சந்தேகம் வரும். தாள் தருபவர், அடிப்பவர், விநியோகிப்பவர் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பதே பாதுகாப்பு.

பதில் (அலைவரிசை):
வானொலியும் இருந்தது. 1982 ஏப்ரல் 12 இரவு வார்சாவில் 'ரேடியோ சாலிடாரிட்டி'யின் முதல் ஒலிபரப்பு, சில நிமிடம்தான். நீண்டால் அலை வரும் திசையைக் கண்டறியும் கருவியோடு சுற்றும் வண்டிகள் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். கேட்பவர்கள் வீட்டு விளக்கை அணைத்து அணைத்துப் போட்டதுதான் 'கேட்குது' என்ற பதில்.

அதைவிடத் துணிச்சலானது 1985 செப்டம்பரில் டோருன் நகரில் நடந்தது. வானியலாளர்கள் சிலர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியில் வாசகம் தயாரித்து, அரசுத் தொலைக்காட்சிப் படத்தின் மேலேயே ஓட்டினார்கள். படத்தைத் திரையில் நிலையாக நிறுத்தும் நிலையத்தின் ஒத்திசைவுத் துடிப்போடு தங்கள் சிக்னலைப் பூட்டியாகணும். இல்லாவிட்டால் எழுத்து திரையில் உருண்டுகொண்டே இருக்கும்.

இளவழகன்:
சுவர் எழுத்து?

மைக்கூடு:
சுவர் முழக்கங்களைக் காவல்துறை பெயின்ட் பூசி மறைக்கும். 1982 முதல் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் அரசைக் கேலியால் எதிர்த்த 'ஆரஞ்சு மாற்று' இயக்கத்தார் அந்தத் திட்டுகளின் மேலேயே கதைகளில் வரும் குள்ளர் படம் வரைந்தார்கள். முழக்கம் எழுதினால் வழக்குப் போடலாம், குள்ளனுக்கு என்ன வழக்கு? 1988 ஜூன் 1 குழந்தைகள் தினத்தன்று ஆயிரக்கணக்கானோர் குள்ளர் குல்லாயோடு தெருவில் இறங்கினார்கள்.