மாங்காய் மாஸ்காட் கட்டும்போது கவனிக்க வேண்டியவை: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து அனுபவங்கள்

ஓசூர்:
பள்ளிக் கால்பந்துப் போட்டிக்கு மாஸ்காட், அதாவது ஆள் உள்ளே நுழைந்து ஆடும் அடையாள உருவம், வேண்டும் என்றதும் எல்லாரும் புலி, சிங்கம் என்று போகிறார்கள். கால்பந்து உலகக்கோப்பையின் முதல் மாஸ்காட்டும் சிங்கம்தான், 1966இல் இங்கிலாந்தின் வில்லி. ஆனால் படத்தில் அழகாக இருப்பதெல்லாம் உடம்பில் ஏறாது. 1990இல் இத்தாலியின் சாவ் வெறும் மூவண்ணக் குச்சிகள், தலைக்குப் பதில் பந்து. உள்ளே ஆள் நுழைய இடமே கிடையாது. 2022இல் கத்தாரின் லயீப் காற்றில் மிதக்கும் தலைத்துணி, அதற்குக் காலே இல்லை. நமக்குச் சரியான முன்மாதிரி 1982இல் ஸ்பெயின் வைத்த நாரன்ஹீத்தோ என்ற ஆரஞ்சுப் பழமும், 1986இல் மெக்சிகோ வைத்த பீக்கே என்ற மிளகாயும். ஊர் விளைச்சலுக்கே ஜெர்சி மாட்டிவிட்டார்கள். மாங்காய்க்குப் பேர்போன கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாங்காயை விட்டுவிட்டு வேறென்ன தேட வேண்டும்? அந்தக் கிளிமூக்கு இருக்கிறதே, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் மாங்காய் என்று தெரியும். உலகக்கோப்பையை நடத்தும் பிஃபாவின் உருவங்கள் உரிமை பதிவானவை, அவற்றை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

காவேரிப்பட்டணம்:
அளவு சொல்கிறேன். தலை முதல் தொடை வரை ஒரே காய், உயரம் 4 அடி, அகலமான இடத்தில் சுற்றளவு 90 அங்குலம். இதற்கு மேல் போனால் வகுப்பறைக் கதவில் மாட்டிக்கொள்ளும். உள்ளே மூங்கில் பட்டையில் மூன்று வளையம், பழைய ஸ்கூல் பேக் வாரில் தோளிலிருந்து தொங்க வேண்டும். பாரம் தலையில் இறங்கவே கூடாது.

மேலே 1 அங்குல ஃபோம். அதை ஆறு சுளையாக வெட்டுங்கள், ஒவ்வொன்றும் நடுவில் 15 அங்குலம். பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். சுளையின் ஓரத்தை ஸ்கேல் வைத்து நேர்கோடாகக் குறுக்கினால் ஒட்டியபின் கூம்பாக நிற்கும், மாங்காயாக வராது. ஓரம் வெளிப்பக்கம் வளைந்தே குறுக வேண்டும். மூக்கைத் தனித் துண்டாகச் செய்து பிறகு ஒட்டுங்கள்.

பசையை இரண்டு ஓரத்திலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, பிறகுதான் அழுத்த வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் அன்றைக்கு நிற்கும், சித்திரை வெயிலில் வாய் பிளக்கும். வெயிலில் நிற்கும் டெம்போவுக்குள் பூட்டி வைத்தாலும் அதே கதிதான். ஒட்டி முடித்ததும் நெடி போக ஒரு முழுநாள் காற்றாட வையுங்கள், அதுவரை யாரும் உள்ளே தலையை விடக் கூடாது.

பென்னாகரம்:
உள்ளிருந்து வெளியே பார்க்க வைக்கும் கண் வலை கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளை வலையில் வெயில் பட்டுத் தெறித்தால் உள்ளே இருப்பவருக்கு வெளியே எதுவுமே தெரியாது. வலையை மாங்காயின் சிரிக்கும் வாயில் வைத்து, உட்புறம் முழுக்கக் கறுப்புத் துணி தையுங்கள், ஆள் முகம் வெளியே தெரியாது. வாய் வருகிற இடத்தை, போடப்போகிறவரின் கண் உயரத்தை அளந்து குறியுங்கள். வேறொருவர் போட்டால் தோள் வாரை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

மின்விசிறியை முகத்துக்கு எதிரே வைப்பது வீண், அது சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். காம்புக்கு அடியில் ஓட்டை போட்டு, காற்றை வெளியே தள்ளும்படி சின்ன யுஎஸ்பி ஃபேன் ஒன்றைப் பொருத்துங்கள். கீழ்ப்பக்கம் திறந்தே இருப்பதால் புதுக்காற்று தானாக ஏறும். பவர் பேங்கை இடுப்பில் கட்டிக்கொள்ளலாம்.

தனித்தலை வைத்த மிருக வேஷம்தான் வேண்டும் என்பவர்கள் நம் பக்கத்துக் கூத்துக்காரர்களைப் பாருங்கள். தலையில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்ட பிறகுதான் கிரீடம் ஏறும். அந்தத் துணி வியர்வையையும் குடிக்கும், தலையும் ஆடாது.

பாலக்கோடு:
எல்லாம் சரி, ஆளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒருவர் ஒரு தடவைக்கு 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மாற்றாள் கட்டாயம் வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு சுற்று, இடைவேளையில் ஒரு சுற்று போதும். ஆட்டம் நடக்கும்போது பக்கவாட்டுக் கோட்டருகே நிற்கக் கூடாது, அது துணை நடுவர் ஓடுகிற பாதை.

துணைக்கு ஒருவர் கூடவே நடக்க வேண்டும். மாங்காய்க்குள் இருப்பவருக்குத் தன் கால் தெரியாது, இடுப்புயரக் குழந்தை முன்னால் வந்து நின்றாலும் தெரியாது. கார்னர் கொடி, தண்ணீர்க் குழாய், பின்னாலிருந்து மூக்கைப் பிடித்து இழுக்கும் பையன்கள் எல்லாம் துணையாளின் பொறுப்பு. இரண்டு கையையும் தூக்கினால் 'போதும், வெளியே கூட்டிப் போ' என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கிறுகிறுப்பு, குமட்டல், பேச்சுக் குழறல் எது வந்தாலும் நடத்திக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே கழற்றி நிழலில் கிடத்தி, ஈரத்துணி போட்டு விசிறி, உடனே 108ஐக் கூப்பிடுங்கள். நிழல் தேடி ஓடாமல் இருக்க, ஆட்டத்துக்கு முன்பே ஒரு ஓரத்தில் பந்தல் கட்டி, குடத்தில் தண்ணீரும் ஓஆர்எஸ் பொட்டலமும் வைத்துவிடுங்கள்.

காவேரிப்பட்டணம்:
ஒன்று விட்டுப்போனது. மேல்துணியை ஜிப் வைத்துக் கழற்றும்படி தையுங்கள். துணியை மட்டும் துவைக்கலாம். ஃபோமைத் தண்ணீரில் முக்கினால் நாலு நாளானாலும் உள்ளே ஈரம் நிற்கும், நாற்றம் எடுத்துவிடும். அடிப்பக்கம் அரை அடிக்கு ரெக்சின் வைத்தால் செம்மண்ணைத் துடைத்துவிடலாம்.