அக்குட்டான் தீவில் கவிழ்ந்த ஜீரோ விமானம்: இரண்டு சந்தேகங்கள்

சேரன்மகாதேவி வாசகர்:
1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, என் தாத்தா புறக்கோட்டையில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு இருந்தார். இறக்கையிலிருந்த சிவப்பு வட்டத்தைப் பார்த்ததாக அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நினைவால்தான் ஜப்பானியரின் ஜீரோ என்ற போர் விமானத்தைப் பற்றிப் படிக்கிறேன். அதே ஆண்டு அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் ஒரு ஜீரோ ஏறக்குறைய முழுதாக அமெரிக்கர் கையில் சிக்கியதாம். கூடப் பறந்தவர்கள் அதை ஏன் அழிக்காமல் விட்டார்கள்? அமெரிக்கரின் ஹெல்கேட் போர் விமானம் அதைப் பார்த்தே வடிவமைக்கப்பட்டது என்பது சரியா?

அம்பாசமுத்திரம் ஆசிரியர்:
அண்ணாச்சி, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். ஜூன் 4 அன்று, ரியூஜோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து, அலூஷியன் தீவுகளில் அமெரிக்கத் தளம் இருந்த டச்சு ஹார்பரைத் தாக்க வந்த தடயோஷி கோகா என்ற 19 வயது விமானியின் எண்ணெய்க் குழாயைத் தரையிலிருந்து வந்த குண்டு துண்டித்துவிட்டது. அவசரத்துக்கு இறங்க அக்குட்டான் தீவை முன்பே குறித்து வைத்திருந்தார்கள். மேலிருந்து பார்க்க அது சமமான புல்வெளி. நம் பக்கம் தண்ணீர் வடியாத பிசான வயலை வரப்பில் நின்று பார்த்தால் பச்சை மட்டும்தான் தெரியும். காலை வைத்த பிறகுதான் முழங்கால் அளவு சேறு என்பது புரியும். அங்கும் அதுதான் நடந்தது. சக்கரங்களை இறக்கிக்கொண்டு வந்த விமானம், அவை புதைந்ததும் தலைகீழாகக் கவிழ்ந்தது. கோகா கழுத்து முறிந்து இறந்தார்.

எதிரி நிலத்தில் விழுந்த ஜீரோவைச் சுட்டு எரித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் மேலே வட்டமிட்ட இரு தோழர்களுக்கும், அவர் உள்ளே உயிரோடு இருக்கக்கூடும் என்று தோன்றியதால் சுட மனம் வரவில்லை. அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜூலை 10 அன்று ரோந்து வந்த அமெரிக்கரின் கேட்டலினா விமானம் ஒன்று அதைக் கண்டுபிடித்தது.

பாளையங்கோட்டை வாசகர்:
இரண்டாவது சரியல்ல. ஹெல்கேட்டின் முதல் மாதிரி ஜூன் 26 அன்றே பறந்துவிட்டது. கோகாவின் விமானம் அப்போது சேற்றில்தான் கிடந்தது. அதனால் கிடைத்த பயன் வேறு. சான் டியாகோவில் பழுதுபார்த்து, செப்டம்பர் 20 அன்று பறக்கவிட்டுப் பார்த்தபோது, வேகம் கூடினால் ஜீரோவை உருளச் செய்யும் இறக்கை ஓர அசைவுப் பலகைகள் (ஏலரான்) இறுகிவிடுகின்றன என்பதும், வலப்பக்கம் உருளுவது இடப்பக்கத்தைவிடக் கடினம் என்பதும், மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் மிதவைக் கார்புரேட்டரில் எரிபொருள் தடைபட்டு எஞ்சின் திணறுகிறது என்பதும் தெரியவந்தன. ஆகவே, ஜீரோ துரத்தினால் வேகமாகப் பாய்ந்து இறங்கி வலப்பக்கம் திரும்பித் தப்பலாம் என்று விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது.

சேரன்மகாதேவி வாசகர்:
இருவருக்கும் நன்றி. கொழும்புத் தாக்குதலுக்கு மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டவையும் ரியூஜோவின் விமானங்கள்தான் என்று இப்போதுதான் படித்தேன். அந்த ஜீரோ பிறகு என்னவாயிற்று?

பாளையங்கோட்டை வாசகர்:
1945 பிப்ரவரியில், சான் டியாகோ ஓடுதளத்தில் நின்றபோது, பின்னால் ஊர்ந்து வந்த ஹெல்டைவர் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்று அதன்மேல் மோதியது. ஹெல்டைவரின் சுழலி அதை வால் பக்கமிருந்து துண்டு துண்டாக வெட்டிவிட்டது.